வண்டிக்கு இடம் வீட்டோடா, தனியாகவா?

தேனி மாவட்டத்தில் இன்று வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் பொறியாளரிடம் முதலில் கேட்பது பூஜையறை எங்கே, சமையலறை எந்த மூலை என்பதாகும். அதற்கு அடுத்த கேள்வி, "கார் எங்கே நிற்கும்?" கம்பம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம் என எந்த ஊரானாலும் மூன்று சென்ட் மனையில்கூட ஒரு காருக்கும் இரண்டு இருசக்கர வாகனங்களுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். அந்த இடம் வீட்டின் கூரைக்குக் கீழேயே அமைந்த போர்டிகோவா, அல்லது சற்றுத் தள்ளித் தனியே போட்ட கொட்டகையா என்பதைப் பெரும்பாலோர் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நிற்கப்போகும் வீட்டில் அந்த அரை மணி நேர முடிவின் விளைவுகள் நீண்டவை. பணம், உடல்நலம், உயிர்ப் பாதுகாப்பு மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

இந்தக் கேள்வியை உலகில் மிகுதியாக விவாதித்தவை குளிர்நாடுகள். கனடாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் பெருவாரியாக வாழும் டொராண்டோ பகுதியில் பல வீடுகளில் கார் ஷெட் வீட்டோடு ஒட்டியே இருக்கும். பனிக்காலத்தில் கையில் குழந்தையுடனும் காய்கறிப் பையுடனும் உறைபனியில் நடக்க வேண்டியதில்லை. காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட வேண்டியதில்லை. பேட்டரி குளிரில் சோர்ந்துபோவதும் குறைவு. வீட்டுச் சுவர் ஒன்றைப் பொதுவாகப் பயன்படுத்துவதால் கட்டுமானச் செலவும் குறைகிறது. தனிக் கொட்டகைக்கு இவற்றில் எந்த வசதியும் இல்லை.

ஆனால், அந்த நாடுகளே இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சட்டமாக எழுதிவைத்துள்ளன. ஒண்டாரியோ மாகாணம் 2013-இல் இயற்றிய சட்டத்தின்படி, கார் ஷெட் ஒட்டியுள்ள வீடுகளில் உறங்கும் அறைகளின் அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டுமான விதிகள், கார் ஷெட்டிலிருந்து படுக்கையறைக்கு நேரடியாகக் கதவு வைப்பதைத் தடை செய்கின்றன. வீட்டுக்குள் செல்லும் கதவு கனமான மரக்கதவாகவோ, 20 நிமிடமாவது தீயைத் தாங்கும் கதவாகவோ இருக்க வேண்டும் என்கின்றன. ஒட்டிக் கட்டுவதை அவர்கள் தடுக்கவில்லை. ஒட்டிக் கட்டினால் இடையில் ஒரு தடுப்பு வேண்டும் என்கிறார்கள். நாம் ஒட்டிக் கட்டும் வழக்கத்தை ஏற்றுக்கொண்டோம்; தடுப்பை மட்டும் விட்டுவிட்டோம்.

இந்தத் தடுப்பின் தேவை நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. பழைய வேளாண் குடும்பங்களில் பொருள்களை வைக்கும் இடத்தில் ஒரு பொருளியல் ஒழுங்கு இருந்தது. உழவு மாடு ஒரு குடும்பத்தின் மூலதனம். அது களவு போனால் அந்த ஆண்டு உழவே நின்றுபோகும். ஆகவே, தொழுவம் வீட்டோடு ஒட்டியோ, இரவில் மணியோசை காதில் விழும் தூரத்திலோ இருந்தது. வைக்கோற்படப்பு தீப்பற்றக் கூடியது. ஆகவே, அதைக் களத்தின் ஓரத்தில், அடுப்புப் பொறி பறந்து விழாத தொலைவில் வைத்தார்கள். களவு போகக் கூடியது அருகில். தீப்பற்றக் கூடியது தொலைவில் என்பதே அந்தக் கணக்கு.

மோட்டார் வாகனம் இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. அது உழவு மாட்டைப் போலக் களவு போகும். வைக்கோற்படப்பைப் போலத் தீயும் பற்றும். அருகில் வைத்தால் ஓர் அச்சம், தொலைவில் வைத்தால் மற்றோர் அச்சம். இவ்விரண்டில் எது தம் சூழலில் பெரிது என்று எடைபோடுவதே வீடு கட்டுவோர் செய்ய வேண்டிய வேலை.

முதலில் நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் மனை ஏறத்தாழ 1,307 சதுர அடி. ஒரு காரை நிறுத்த 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும், அதாவது சுமார் 135 சதுர அடி தேவை. கதவைத் திறந்து இறங்கவும் சுற்றி நடக்கவும் சேர்த்தால் பத்தடிக்குப் பதினெட்டடி, அதாவது 180 சதுர அடி வேண்டும். அது மூன்று சென்ட் மனையில் ஏழில் ஒரு பங்கு.

எளிய கணக்குக்காகச் சென்ட் ஒன்றின் விலை 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 180 சதுர அடி நிலத்தின் மதிப்பு 2 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்றால், மாதம் ஏறத்தாழ 1,400 ரூபாய். நம் கார் நமக்கே தராத வாடகை அது. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்பர். காரின் தலைக்கு மேல் ஓர் அறை கட்டினால் அதே நிலம் இருமுறை பயன்படுகிறது. நிலத்தின் சுமை பாதியாகிறது. தனிக் கொட்டகைக்குத் தகரக் கூரை போதும். கட்டுமானச் செலவு குறைவு. ஆனால், நிலத்தின் சுமை முழுவதும் அதன்மேலேயே விழுகிறது. எனவே, நிலம் விலையேறிய நகரத் தெருவில் ஒட்டிய அமைப்பும், நிலம் தாராளமாக உள்ள தோட்டத்து வீட்டில் தனி அமைப்பும் சிக்கனமானவை. இது வரையில் சந்தை சொல்வதும் மக்கள் செய்வதும் ஒன்றாகவே உள்ளன.

அடுத்து தட்பவெப்பம். குளிர்நாட்டில் ஒட்டிய கார் ஷெட் வீட்டின் வெப்பம் வெளியேறாமல் காக்கும் ஒரு போர்வை. நம் பள்ளத்தாக்கில் அதே போர்வை வெயிலை வாங்கிக்கொள்ளும் குடையாகிறது. போர்டிகோவை மேற்குப் பக்கம் அமைத்தால் பிற்பகல் வெயில் வரவேற்பறைச் சுவரைச் சுடாது. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குள் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசுவதையும் மறக்கலாகாது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அந்தக் காற்றின் வலுவால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைத் தகரக் கொட்டகை போடுவோர் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கே முழுதும் திறந்த கொட்டகைக்குள் புகும் காற்று, கூரையைக் கீழிருந்து தூக்கும். அந்தப் பக்கம் பாதிச் சுவராவது வேண்டும். தூண்களைக் கான்கிரீட் அடித்தளத்தில் இறக்க வேண்டும். தகடுகளை ஆணியால் அறையாமல் கொக்கி போல்ட்டால் முடுக்க வேண்டும்.

இனி, பலரும் எண்ணிப் பார்க்காத பகுதிக்கு வருவோம். அது காற்றும் தீயும் பற்றியது.

ஓடும் எஞ்சினிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, காரணம் தெரியாமலேயே உயிர் பிரியும். நம் சமவெளியில் போர்டிகோக்கள் பெரும்பாலும் மூன்று பக்கம் திறந்திருப்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனால், அண்மைக்காலமாகத் திருட்டுக்கும் தூசிக்கும் அஞ்சி அவற்றை ஷட்டர் போட்டு மூடிவிடுகிறார்கள். மின்வெட்டின்போது அதே இடத்தில் ஜெனரேட்டரையும் ஓடவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் நம் போர்டிகோ குளிர்நாட்டுக் கார் ஷெட்டாக மாறிவிடுகிறது. எச்சரிக்கைக் கருவியும் தடுப்புக் கதவும் மட்டும் இல்லை.

மலைமேல் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகள் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைகளுக்குச் செல்கின்றன. தோட்டம் வைத்திருப்போர் பலருக்கு மேலே ஒரு சிறு வீடும் உண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் ஜன்னல்கள் அடைத்திருக்கும். டீசல் எஞ்சின் சூடாகட்டும் என்று ஜீப்பைக் கொட்டகைக்குள்ளேயே கால்மணி நேரம் உறும விடுவார்கள். பக்கத்து அறையில் குழந்தைகள் உறங்குவார்கள். குளிர்ந்த நிலையில் எஞ்சின் கிளம்பும்போது முழுமையாக எரியாத புகையே மிகுதியாக வெளிவரும். கோடை வாசத்தலங்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் அவ்வப்போது படிக்கிறோம். அங்கே உயிரைப் பறித்ததும் இதே வாயுதான். மலை வீட்டில் வண்டிக் கொட்டகை தனியாக இருப்பதே நல்லது. ஒட்டியிருந்தே தீர வேண்டுமாயின், வண்டியைக் கிளப்பியவுடன் வெளியே கொண்டுவந்து நிறுத்திச் சூடேற்றும் பழக்கம் வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். வீட்டுத் தரையும் போர்டிகோ தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்த ஆவி கதவிடுக்கு வழியே உள்ளே வரும். ஒரு படி இறக்கிப் போர்டிகோவை அமைப்பது பழைய வழக்கம். சக்கர நாற்காலி வசதி, அழகு என்ற காரணங்களால் அந்தப் படி இப்போது மறைந்து வருகிறது. முதியோருக்குச் சரிவுப் பாதை வேண்டுமானால் அதை வீட்டின் வேறொரு வாசலில் அமைக்கலாம்.

மின் வாகனங்கள் இந்தக் கணக்கில் ஒரு புதிய வரியைச் சேர்த்துள்ளன. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில், புகை சூழ்ந்து தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாதில், கீழே மின் ஸ்கூட்டர் விற்பனையகமும் மேலே தங்கும் விடுதியுமாக இருந்த கட்டடத்தில் எழுந்த தீயில் எட்டுப் பேர் மாண்டனர். கீழே எழுந்த புகை மாடியில் இருந்தவர்களைச் சூழ்ந்தது. அதன்பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மின் வாகனத்தை வாங்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. பெட்ரோல் வண்டியும் எரியக் கூடியதே. ஆனால், பெட்ரோல் வண்டி நாம் உறங்கும்போது அணைந்து கிடக்கிறது. மின் வண்டியோ நாம் உறங்கும் நேரத்தில்தான் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஆபத்து அரிது, நேர்ந்தால் நேரும் நேரம் நாம் விழித்திராத நேரம்.

இதில் நம் வீடுகளின் அமைப்பு ஒரு தனிச் சிக்கல். முன்வாசலே பெரும்பாலும் ஒரே வாசல். அதன் குறுக்கே போர்டிகோ. போர்டிகோவுக்குள்ளிருந்தே மாடிப்படி. தீ எழுந்தால் வெளியேறும் வழியும் அதுவே, புகை மேலேறும் வழியும் அதுவே. படிக்கட்டு புகைபோக்கியாக மாறும்போது மாடியில் உறங்குவோருக்கு இறங்க வழி இராது. பின்வாசல் ஒன்று திறக்கும் நிலையில் இருந்தால் அதுவே உயிர் காக்கும். பல வீடுகளில் அந்தக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் கிடக்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மட்டும் உரிய மற்றொரு செய்தியும் உண்டு. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் தென்னையும் விளையும் இந்த மண்ணின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. திராட்சைக்கும் ஏலத்துக்கும் மருந்தடிப்பு மிகுதி. பூச்சிமருந்து, மயில்துத்தம், கந்தகத் தூள், மருந்தடிக்கும் இயந்திரம், அதற்கான பெட்ரோல் கேன் ஆகியவை எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் வண்டி நிற்கும் இடமே. அந்த இடம் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இருந்தால் வீட்டார் இரவெல்லாம் அந்த வாடையைச் சுவாசிக்கிறார்கள். குழந்தைகளின் கைக்கும் அவை எட்டுகின்றன. வேளாண் குடும்பத்துக்குத் தனிக் கொட்டகை ஆடம்பரமாகாது. மனை சிறிதென்றால் வண்டி வீட்டோடு நிற்கட்டும்; மருந்து மட்டுமாவது தோட்டத்து மோட்டார் அறையிலோ பூட்டிய தனி அலமாரியிலோ இருக்க வேண்டும்.

வீட்டோடும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தெரு. மனை முழுவதும் கட்டடம் எழுப்பிவிட்டுக் காரை வாசலில் நிறுத்துவோருக்கு நிலச் செலவு சுழி. அந்தச் செலவை அண்டை வீட்டாரும், திரும்ப முடியாத ஆம்புலன்சும், நுழைய முடியாத தீயணைப்பு வண்டியும் ஏற்கின்றன. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில் இலவச வாகன நிறுத்தம் எதுவும் இலவசமன்று, அதன் விலையை வாகனம் இல்லாதவரும் சேர்ந்து செலுத்துகிறார் என்று நிறுவினார். ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வண்டி நிறுத்த இடம் உண்டென்று காட்டாமல் பொதுவாகக் காரைப் பதிவு செய்ய இயலாது. நம் ஊரில் அத்தகைய சட்டம் உடனே வருவது கடினம். எனினும், வீடு கட்டும்போதே இடம் ஒதுக்குவது ஒரு குடிமைக் கடமை என்ற எண்ணம் வர வேண்டும்.

ஆகவே, தேர்வு எப்படி இருக்கலாம்? நான்கு சென்ட் வரையிலான நகர மனையில் ஒட்டிய போர்டிகோவே நடைமுறைக்கு உகந்தது. ஆனால், அது குறைந்தது இரு பக்கமாவது காற்றோட்டம் உள்ளதாக இருக்கட்டும். பாதுகாப்புக்கு ஷட்டருக்குப் பதில் கிரில் கேட் போதும். படுக்கையறைக் கதவோ ஜன்னலோ அதற்குள் திறக்க வேண்டாம். வீட்டுக்குள் செல்லும் கதவு கனமானதாக இருக்கட்டும். மாடிப்படி போர்டிகோவுக்கு வெளியே இறங்கட்டும். சமையல் எரிவாயு உருளை அங்கே வேண்டாம். மின் வாகனத்துக்கு நில இணைப்புடன் கூடிய தனி மின்சுற்றும், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. வண்டி, வாசலை மறிக்காத பக்கத்தில் நிற்கட்டும். எப்படியாயினும் வீட்டுக்கு இரண்டாவது வாசல் ஒன்று வேண்டும்.

பத்து சென்ட் மனை, தோட்டத்து வீடு, மலை வீடு ஆகியவற்றில் தனிக் கொட்டகை சிறந்தது. வீட்டிலிருந்து பத்தடியேனும் இடைவெளி, வீட்டு ஜன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடம், இரவில் ஒரு விளக்கு, வலுவான பூட்டு இருந்தால் களவு அச்சமும் பெருமளவு குறையும். மழையில் நனைந்து வர நேரும் முதியோருக்காக இடையில் ஒரு சிறு கூரைப்பாதை அமைக்கலாம். எலி வயரைக் கடிப்பது தனிக் கொட்டகையின் நிரந்தரத் தொல்லை. தீவனமும் தானியமும் அங்கே இல்லாவிட்டால் எலியும் குறைவு.

காப்பீட்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். வாகனத்துக்கு முழுக் காப்பீடு எடுத்தவர் வண்டி எரிந்தால் இழப்பீடு பெறலாம். அந்தத் தீயில் அவருடைய வீடு சேதமடைந்தால் வாகனக் காப்பீடு அதற்கு உதவாது. மூன்றாம் நபர் காப்பீடு என்பது பிறர் பொருளுக்கே. வீட்டுக்கெனத் தனிக் காப்பீடு வேண்டும். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான நிபந்தனைகளுடன் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. வண்டியை வீட்டோடு நிறுத்துவோர் இதனைக் கட்டடச் செலவின் ஒரு பகுதியாகவே கருதலாம்.

அரசு செய்யக் கூடியதும் உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் கொண்டுவந்தது. அலுவலகம் அலுவலகமாக அலையும் துன்பம் குறைந்தது, வரவேற்கத்தக்கது. அதேவேளை, வரைபடத்தை வேறொருவர் கூர்ந்து பார்க்கும் வாய்ப்பும் குறைந்துள்ளது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து படுக்கையறைக்குத் திறப்பு உண்டா, இரண்டாவது வாசல் உண்டா, மின் வாகனத்துக்குத் தனி மின்சுற்று உண்டா என்ற மூன்று கேள்விகளை அந்தப் படிவத்தில் சேர்த்தால் செலவு ஏதுமில்லை. தோட்ட ஜீப்புகள் தெருக்களை அடைத்து நிற்கும் ஊர்களில், சந்தையூர்களில் முன்பிருந்த வண்டிப்பேட்டையைப் போலக் காவலுடன் கூடிய பொது நிறுத்துமிடத்தை நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சிறு கட்டணத்தில் அமைக்கலாம்.

வீடு என்பது பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் மிகப் பெரிய முதலீடு. வண்டியோ பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் மாறிவிடும். மாறப்போகும் வண்டிக்காக மாறாத வீட்டின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் பென்சிலால் கோடு போடும் நிலையில் கதவை இடம் மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சுவர் எழும்பிய பின் அதே மாற்றத்துக்கு ஆயிரங்கள் தேவைப்படும். கட்டடம் தொடங்கும் முன் பொறியாளரோடு அமர்ந்து, நள்ளிரவில் வண்டி நிற்கும் இடத்தில் தீ எழுந்தால் வீட்டார் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்துவிட்டால் ஒட்டிய அமைப்பும் நல்லதே. விடை கிடைக்காவிட்டால், வரைபடத்தை மாற்றிவிட்டுப் பிறகு வானம் தோண்டுங்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).